சுற்றுக்கு ஒரு தடக்

நான் பேஸ் கிடாரில் முதல் அடியைத் தட்டினேன். கீழே தரை இல்லை.

இதை வேறு எப்படிச் சொல்வதென்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. படிக்கட்டு முடிந்தது தெரியாமல், இன்னொரு படி இருப்பதாக நினைத்துக் காலை வைப்போமே, அது. வழக்கமாக அது ஒரு நொடியில் முடிந்துவிடும். எனக்கு அன்று ஒரு பாட்டு முழுக்க நீடித்தது. கோயமுத்தூரில் ஒரு சின்ன அரங்கு. ஞாயிற்றுக்கிழமை முற்பகல். ஏசிக் குளிர், இருட்டில் வரிசையாக முகங்கள். எனக்கு இடப்பக்கம் தம்பி டிரம்ஸில், வலப்பக்கம் தங்கை கீபோர்டில். ஒரே வயிற்றில் பிறந்த மூன்று பேர், வருடக்கணக்காக ஒன்றாக வாசிக்கிற மூன்று பேர். தம்பி குச்சிகளைத் தட்டி நாலு எண்ணினான். மூன்று பேரும் ஒன்றாக இறங்கினோம். இறங்கிய இடத்தில் ஒன்றுமே இல்லை.

சத்தம் இருந்தது. எங்கள் சத்தம் மட்டும் இருந்தது. அதுதான் பயங்கரம்.

நாங்கள் என்ன வாசிக்கிறோம் என்பதை எங்கள் சொந்தபந்தத்தில் யாருக்கும் புரியவைக்க முடிந்ததில்லை. ஒரு கல்யாணத்தில் பந்திக்குக் காத்திருக்கும்போது பெரியம்மா ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனம்மிணி, நீங்க மூணு பேரும் கச்சேரி பண்றீங்களாமா? சாமி பாட்டா, சினிமாப் பாட்டா?"

"ரெண்டும் இல்லீங் பெரிம்மா."

"அப்பறம் எதுக்கு?"

நியாயமான கேள்வி. தங்கைக்குப் பிடித்தது ஜாஸ். ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு நேராகப் போகமாட்டாள், சந்து சந்தாக நுழைவாள், தொலைந்தே போய்விட்டாள் என்று நாம் கைவிடுகிற நேரத்தில் வாசலில் வந்து நிற்பாள். தம்பிக்கு ராக். அடி என்றால் அடிதான், அதில் பேச்சுவார்த்தை கிடையாது. எனக்கு ஃபங்க். கட்டைவிரலால் கம்பியை அறைந்து, இன்னொரு விரலால் சுண்டி, அடிக்கும் அடிக்கும் நடுவே விடுகிற இடைவெளியில் கேட்பவர்களின் இடுப்பு தானாக அசைய வேண்டும். நாற்பதைத் தாண்டிய, காலேஜ் போகிற மகள் உள்ள பெண்ணுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லிச் சலித்துவிட்டேன். மூன்றையும் கலக்க வேண்டும் என்று நாங்கள் திட்டம் எதுவும் போடவில்லை. ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. அதனால் கலந்துவிட்டது.

கலந்த இடம் தம்பியின் நிட்டிங் யூனிட். அனுப்பர்பாளையத்தைத் தாண்டி, அம்மா வீட்டை ஒட்டி அப்பா கட்டிய ஷெட் அது. அப்பா போன பிறகு தம்பி நடத்துகிறான். கீழே வட்ட வட்டமான மிஷின்கள். ஒவ்வொன்றின் தலையைச் சுற்றியும் நூல் கோன்கள், வயிற்றிலிருந்து குழாய் மாதிரி இறங்கிச் சுருளும் பனியன் துணி, எங்கும் மிதக்கும் பஞ்சு. மேலே ஒரு அறை. அங்கேதான் டிரம்ஸ், கீபோர்டு, ஆம்ப்ளிஃபயர், ஒரு மண்பானைத் தண்ணீர். தம்பி டிரம்ஸ் கற்றுக்கொண்டதே அந்த அறையில்தான், செல்போனைப் பார்த்துப் பார்த்து. தங்கை எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். நாள் முழுக்க ஆர்டர் கொடுக்கும் பையர்களிடம் சாரி சொல்லிவிட்டு சாயங்காலம் வந்து கீபோர்டில் கோபத்தைத் தீர்த்துக்கொள்வாள். நான் பல்லடத்திலிருந்து பஸ்ஸில் வருவேன். வீட்டுக்காரருக்கு அங்கே தறி ஓடுகிறது. முதுகில் கிடார் பையோடு ஏறும்போது வழக்கமாக வருகிற கண்டக்டர் ஒருநாளும் சும்மா விட்டதில்லை.

"அக்கா, இன்னைக்கும் வீணைக்கு டிக்கெட் வேணுங்களா?"

"வீணை இல்லீங்க, கிடாருங்க."

"ஒடம்பு எளச்ச வீணைன்னு நெனச்சனுங்க."

இப்படியாகத்தான் சாயங்காலங்கள் போயின. மிஷின் சத்தத்தைப் பற்றி நாங்கள் யாரும் பேசியதே இல்லை. பேசுவதற்கு அதில் என்ன இருக்கிறது? அதற்குள்தான் பிறந்தோம், அதற்குள்தான் தூங்கினோம், பாடம் படித்தோம், சண்டை போட்டோம். மீன் தண்ணீரைப் பற்றிப் பேசுமா?

வாசிப்பதைத் தங்கை செல்போனில் பதிவு செய்து யூடியூபில் போட்டுக்கொண்டிருந்தாள். பெரிதாக யாரும் பார்க்கவில்லை. பார்த்த ஒருவர் கீழே எழுதியிருந்தார்: நன்றாக இருக்கிறது, ஆனால் எல்லாப் பாட்டும் ஒரே வேகத்தில் போகிறதே. தங்கைக்கு முகம் சுருங்கிவிட்டது. தம்பி மட்டும் அசரவில்லை. "அது நம்மு முத்திரை," என்றான். "ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு நடை இருக்குமில்லீங்க, அதாட்ட." எங்களுக்கும் அது சரியென்றே பட்டது. முத்திரை! அந்த வார்த்தையை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

அந்தப் பதிவுகளைக் கேட்டுத்தான் கோயமுத்தூரிலிருந்து கூப்பிட்டார்கள். அதற்குமுன் நாங்கள் வெளியே எங்கும் வாசித்ததில்லை. தம்பி இரண்டு நாள் சாப்பிடாமல் சிரித்துக்கொண்டே திரிந்தான். தன் யூனிட்டுக்கு நூல் தந்து கூலிக்கு ஜாப் ஒர்க் கொடுக்கிறவர்களிடமெல்லாம் போன் போட்டுச் சொன்னான். அவன் அப்படிச் சொல்லிக்கொள்கிறவனே அல்ல. பத்து வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை பேசுகிறவன். மிஷின்காரன், ஜாப் ஒர்க்காரன், இன்னாருடைய மகன் என்றே கூப்பிடப்பட்டவன். டிரம்ஸ்காரன் என்று ஒரு பெயர் அவனுக்கு வெளியூரில் கிடைக்கப்போகிறது.

அரங்கில் எல்லாவற்றையும் மாட்டி முடித்த பிறகு, சவுண்டு பார்க்கிற இளைஞர் தங்கையிடம் வந்தார்.

"மேடம், உங்க ரெக்கார்டிங்ல அடியில ஒரு சவுண்டு வருதே, ஃபர்ஸ்ட் பீட்ல. சூப்பரா இருக்கும். அதுக்குத் தனி லைன் வேணுமா? எதுல வாசிக்கிறீங்க?"

"எந்தச் சவுண்டுங்க?" என்றாள் தங்கை.

"அந்த தொம்முனு ஒண்ணு... லேப்டாப்லயா?"

நாங்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். டிரம்ஸின் கால்கட்டையைச் சொல்கிறார் போலிருக்கிறது என்று தம்பி அதை மிதித்துக் காட்டினான். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார், சரி என்று போய்விட்டார். தான் கேட்டது இதில்லை என்பது அவர் முகத்தில் எழுதியிருந்தது. நாங்கள் படிக்கவில்லை.

பிறகு விளக்கு எரிந்தது. தம்பி நாலு எண்ணினான்.

முதல் சில நொடிகள் யாருக்கும் தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது. என் கட்டைவிரல் கம்பியை அறைந்துவிட்டு, எதற்கோ காத்திருந்தது. எதற்கென்று எனக்கே தெரியவில்லை. அடுத்த சுற்று ஆரம்பிக்கும் இடம் வருகிறது, வருகிறது, வந்துவிட்டதா, இல்லையா? தம்பியைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை, தங்கையைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மேடையின் மரப்பலகையிலிருந்து ஏதோ ஒன்று தன் பாதம் வழியாக ஏறி வரவேண்டும், ஏன் இன்னும் வரவில்லை என்பது மாதிரி. வராததால் பயந்தான், பயந்ததால் ஓடினான். வேகம் கூடியது. நான் துரத்தினேன். தங்கை பாவம், வழக்கம்போல் ஒரு சந்துக்குள் நுழைந்துவிட்டிருந்தாள், திரும்பி வந்து பார்த்தால் வீட்டைக் காணோம். மூன்று பேரும் மூன்று பஸ்ஸில் ஏறிவிட்டோம். பாட்டின் நடுவே, யாரும் சொல்லாமலே, ஒருவர் பின் ஒருவராக நிறுத்தினோம்.

தங்கை மைக்கில் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னாள். மறுபடி ஆரம்பித்தோம். மறுபடியும் அதே. மூன்றாவது முறை எப்படியோ கடைசிவரை தள்ளிக்கொண்டு போனோம், டயர் வெடித்த வண்டியைத் தள்ளுவதுபோல. கைதட்டினார்கள். நல்ல மனிதர்கள். திட்டியிருந்தால்கூட இவ்வளவு நாளைக்கு எரியாது. இன்னொரு நாள் வாருங்கள் என்று ஏற்பாட்டாளர் தங்கையிடம் சொன்னதும், அவள் தலையாட்டியதும் எனக்குத் தூரத்தில் நடப்பதுபோல் தெரிந்தது.

மதியத்துக்கு மேல் காரில் திரும்பினோம். பின்னால் டிரம்ஸ் குலுங்கியது. தம்பி ஓட்டினான். அவிநாசியைத் தாண்டினோம். பின் சீட்டில் தங்கை செல்போனைக் காதில் வைத்து எங்களுடைய பழைய பதிவுகளைக் கேட்டுக்கொண்டே வந்தாள். ஒன்றைக் கேட்பாள், நிறுத்துவாள், அடுத்ததைக் கேட்பாள். அவள் முகம் வெளுத்துக்கொண்டே போவதைக் கண்ணாடியில் பார்த்தேன்.

"அண்ணா, வண்டிய ஓரங்கட்டுங்க."

"எதுக்கு?"

"கட்டுங்கண்ணா. சித்த எஞ்சினை ஆஃப் பண்ணுங்க."

புளியமரத்தடியில் நிறுத்தினான். அவள் செல்போனை எங்கள் இருவருக்கும் நடுவே நீட்டினாள். எங்கள் பாட்டு. அதற்குள், அடியில், அமுங்கின மாதிரி, தடக். நாலு எண்ணுவதற்குள் மறுபடி தடக். பாட்டு கிளம்பும் முன்பே தடக். பாட்டு முடிந்து, நாங்கள் சிரித்து, யாரோ தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்கும்போதும் தடக். அடுத்த பாட்டைப் போட்டாள். அங்கேயும் அதே. அதற்கடுத்ததிலும் அதே.

"இதென்ன?" என்றேன். உண்மையிலேயே எனக்குத் தெரியவில்லை. வாழ்நாள் முழுக்கக் கேட்ட சத்தத்தை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன்.

தம்பிக்குத் தெரிந்தது. ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் சொன்னான்.

"மூலை மிஷினுங்க. அப்பா வாங்குனது. துணி சுத்தற ரோலர் பக்கம் ஒரு பல்லு தேஞ்சு கெடக்குது. சுத்துக்கு ஒரு தடவ இடிக்கும். மாத்தோணும் மாத்தோணும்னு இருக்கறன்..."

"மாத்தியிருந்தீங்கன்னா நாம பேண்டே இல்லீங்ண்ணா," என்று தங்கை சொன்னாள். சிரிப்பதற்காகத்தான் சொன்னாள்.

தம்பி கண்ணாடிக்கு வெளியே பார்த்தான். எதிரே பனியன் பண்டல் ஏற்றிய வேன்கள் போய்க்கொண்டிருந்தன.

"அப்ப இத்தன நாளா வாசிச்சது நானில்லீங்கக்கா," என்றான்.

நான் அவன் தோளில் கை வைத்தேன். தோள் கல் மாதிரி இருந்தது.

அடுத்து வந்த நாட்களில் ஒரே கேள்வி என்னைத் தின்றது. எப்படி? காது இருக்கிற மூன்று பேருக்கு இது எப்படித் தெரியாமல் போனது? பஸ்ஸில் யோசித்தேன், குழம்பைக் கிளறிக்கொண்டே யோசித்தேன். யோசிக்க யோசிக்க அதிர்ச்சி கூடியதே தவிர குறையவில்லை. ஏனென்றால் தெரிய வழியே இருந்திருக்கவில்லை.

எங்களுடையது மாதிரி சின்ன ஜாப் ஒர்க் யூனிட்டில் மிஷினுக்கு ஞாயிறு கிடையாது. ஆட்கள்தான் முறை மாற்றி லீவு எடுப்பார்கள். கரண்ட் போனால் மிஷின் நிற்கும், உண்மைதான். ஆனால் கரண்ட் போனால் என் ஆம்ப்ளிஃபயரும் நிற்கும், தங்கையின் கீபோர்டும் நிற்கும். தம்பி குச்சியைப் போட்டுவிட்டுக் கீழே ஓடிவிடுவான், நூல் அறுந்ததா, துணியில் ஓட்டை விழுந்ததா என்று பார்க்க. நாங்கள் வெளியே வந்து டீ குடிப்போம். தீபாவளிக்கு மிஷின் நிற்கும். தீபாவளிக்கு நான் என் மாமியார் வீட்டில் பலகாரம் சுட்டுக்கொண்டிருப்பேன். மிச்சம் இருப்பது ஆயுத பூஜை ஒன்றுதான். கரண்ட் இருக்கும், மிஷின் நிற்கும், மூன்று பேரும் அம்மா வீட்டில் இருப்போம். ஆனால் அன்றைக்கு அம்மா எங்கள் வாத்தியங்களையும் மிஷின்களோடு சேர்த்துப் பூஜைக்கு வைத்துவிடுவார். கிடாரின் தலையில் பூ, கீபோர்டின் இரண்டு முனையிலும் சந்தனம், டிரம்ஸின் ஒவ்வொரு தாளத் தட்டுக்கும் ஒரு பொட்டு. பொட்டு வைத்ததை மறுநாள் பூஜை முடியும்வரை தொடக்கூடாது.

மிஷின் பேசும்போது நாங்கள் பேசினோம், அது வாய் மூடியபோதெல்லாம் நாங்களும் மூடினோம். ஒரு தடவைகூட, ஒரே ஒரு தடவைகூட, அது இல்லாமல் நாங்கள் இருந்ததில்லை.

தம்பி டிரம்ஸைக் கழற்றினான். துணி ரோலுக்குப் போடுகிற நீளமான பாலிதீன் உறையில் ஒவ்வொன்றாகப் போட்டுக் கட்டி, மாடி அறையின் மூலையில் அடுக்கினான். அடுத்த லாரிக்கு ஏற்றவேண்டிய சரக்கு மாதிரி இருந்தது.

தங்கை விடவில்லை. அவள் வேலையே எந்தப் பிரச்சினைக்கும் சாயங்காலத்துக்குள் ஒரு வழி கண்டுபிடிப்பதுதான்.

"அண்ணா, பெரிய பெரிய ஆளுங்களே காதுல டிக் டிக்னு ஓட விட்டுட்டுத்தான் வாசிக்கிறாங்க. ஒரு ஹெட்போன் மாட்டுனா முடிஞ்சுது. கோயமுத்தூர்ல திரும்பக் கூப்பிட்டிருக்காங்க, நான் என்ன சொல்லட்டும்?"

"மிஷின் கால்லருந்து காதுக்கு வந்துரும். அவ்வளவுதான?"

"அதுல என்னங்க தப்பு?"

"ஒண்ணும் தப்பில்ல கண்ணு. அதுக்கு நான் எதுக்குன்னுதான் கேக்கறன்."

"ஒரு நாள் சொதப்புனதுக்கு இவ்வளவு ரோசமா? அக்கா, நீங்களாவது சொல்லுங்க."

நான் சொல்லவில்லை. ஏனென்றால் அவன் ரோசத்தில் பேசவில்லை. முகத்தில் கோபமே இல்லை. அது ஒரு மனிதன் தன் வீட்டுக்குள் நுழைந்து, இது தன் வீடே இல்லை என்று தெரிந்துகொண்ட முகம். அவன் இனி வாசிப்பானா மாட்டானா என்பதைத் தவிர எனக்கு வேறு எதுவும் பெரிதாகப் படவில்லை. அவன் இல்லாமல் நானும் தங்கையும் சும்மா வாசித்துப் பார்த்தோம். கீழே தடக் தடக் என்று போய்க்கொண்டிருந்தது. இப்போது அது மட்டும்தான் கேட்டது. நான் கிடாரைக் கீழே வைத்துவிட்டேன்.

ஆயுத பூஜை வந்தது.

காலையிலேயே பல்லடத்திலிருந்து வந்துவிட்டேன். எங்கள் வீட்டுத் தறிக்குப் பூஜை சாயங்காலம்தான். ஷெட்டைக் கழுவி விட்டிருந்தார்கள். கலர் பேப்பர், வாழைக்கன்று, வாசலில் உடைக்கப் பூசணிக்காய். மிஷின்களில் ஒட்டியிருந்த பஞ்சையெல்லாம் ஊதித் துடைத்து, ஒவ்வொன்றுக்கும் பட்டை போட்டு, மாலை போட்டு வைத்திருந்தது. மிஷின் ஓட்டுகிற ஒடிசாப் பையன்கள் இருவர் புதுச்சட்டையில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா சந்தனக் கிண்ணத்தோடு மாடிப்படி ஏறினார். கொஞ்ச நேரத்தில் அவர் குரல் கேட்டது.

"என்ன சாமி இது, கொட்டெல்லாம் கட்டி வெச்சிருக்கற? பிரி, பொட்டு வெக்கோணும்."

அம்மாவுக்கு டிரம்ஸ் எப்போதும் கொட்டுதான்.

"அதுக்கு வேண்டாம்மா," என்றான் தம்பி.

"வேண்டாமா?"

"ஆயுதத்துக்குத்தான பூசை. என்ற ஆயுதம் கீழ இருக்குது. அது வெறுஞ்சாமான்."

அம்மா கிண்ணத்தோடு அப்படியே நின்றார். அவர் அந்தக் கொட்டுச் சத்தத்தை ஒருநாளும் ரசித்தவரல்ல, தலைவலி என்று ஆயிரம் முறை திட்டியவர். ஆனாலும் ஒருவன் தன் கையால் தொட்ட பொருளை வெறும் சாமான் என்று சொல்லி அவர் கேட்டதில்லை. என் கிடாருக்கும் தங்கையின் கீபோர்டுக்கும் பொட்டு வைத்தார். மூலையில் கிடந்த உறைகளைத் தாண்டும்போது புடவையை ஒதுக்கிக்கொண்டு போனார்.

பூஜை முடிந்தது. பொரியும் சுண்டலும் கொடுத்தாயிற்று. ஆட்கள் கிளம்பிப் போனார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டில் நாங்கள் நாலு பேர் மட்டும்.

அப்போதுதான் அந்த அமைதியைக் கேட்டேன். ஒவ்வொரு வருடமும் இருந்த அமைதிதான், ஆனால் இதுவரை அது எனக்கு லீவு, தூக்கம், அவ்வளவுதான். இப்போது அது ஒரு ஆள் மாதிரி நடுவீட்டில் உட்கார்ந்திருந்தது. குழாய் சொட்டியது. பக்கத்துச் சந்தில் ஒரு குழந்தை பலூனைத் தேய்த்தது. சுவர்க் கடிகாரத்துக்கு இவ்வளவு பெரிய குரலா? தம்பியால் உட்கார முடியவில்லை. எழுந்தான், வாசலுக்குப் போனான், வந்தான், தண்ணீர் குடித்தான். பிறகு மாடி ஏறினான்.

சரக்கென்று பாலிதீன் கிழிபடும் சத்தம் கேட்டது.

"என்ன பண்றான் அவன்?" என்றார் அம்மா.

இன்னொன்று கிழிந்தது. இரும்புக் கால்களைத் தரையில் நிறுத்துகிற சத்தம். பிறகு ஒரே ஒரு அடி. ஜன்னல் கம்பி அதிர்ந்தது.

அம்மா சடாரென்று எழுந்தார். "நோம்பி நாளும் அதுவுமா, பூசைக்கு வெச்சதப் போயி..."

"அது பூசைக்கு வெக்கலீங்களேம்மா," என்றாள் தங்கை.

அம்மா முதல் படியில் ஒரு காலை வைத்தபடி நின்றார். யோசித்தார். அவருடைய சட்டங்களில் இதற்கு இடம் இருக்கிறதா என்று உள்ளே தேடுவது தெரிந்தது.

"ஆமா," என்றார் கடைசியில். "பொட்டு வெக்காததுக்கு ஏது லீவு." உடனே எங்கள் பக்கம் திரும்பினார். "நீங்க ரெண்டு பேரும் உங்குளுதத் தொட்டீங்கன்னா கைய ஒடிச்சுப் போடுவன், ஆமா."

தொடவில்லை. மாடிக்குப் போய், சுவரோரம் தரையில் உட்கார்ந்தோம். எதிரே பூவும் பொட்டுமாக எங்கள் வாத்தியங்கள், சாமி மாதிரி, உதவிக்கு வராத சாமி மாதிரி. நடுவில் தம்பி. வியர்த்திருந்தான். எங்களைப் பார்த்தான், வேண்டாம் என்று சொல்லவில்லை.

வாசிக்க ஆரம்பித்தான். அதைக் கேட்பது எனக்கு வலித்தது. நாலு சுற்று ஒழுங்காகப் போகும், பிறகு கால் முந்தும், கை அதைப் பிடிக்க ஓடும், எல்லாம் சரிந்துவிடும். நிறுத்துவான். மறுபடி. மறுபடி சரிவு. கோயமுத்தூரில் நடந்தது அப்படியே திரும்ப நடந்தது, ஆனால் இங்கே ஒளிந்துகொள்ள நாங்கள் இல்லை. அவன் மட்டும்தான். எனக்குத் தாங்கவில்லை. என்னையறியாமல் குதிகாலால் தரையைத் தட்டிக் கொடுக்க ஆரம்பித்தேன், ஒரு பிடிமானமாக இருக்கட்டும் என்று.

"அக்கா, காலத் தட்டாதீங்க," என்றான்.

காலை மடக்கிக்கொண்டேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெயில் ஜன்னலிலிருந்து இறங்கி உறைகள் மேல் விழுந்து, அங்கிருந்தும் நகர்ந்துவிட்டது. விழுந்துகொண்டேயிருந்தவன், ஏதோ ஒரு கட்டத்தில் ஓட்டத்தை விட்டான். களைப்பாக இருக்கலாம். கை தாழ்ந்தது. அடி மெதுவானது. இன்னும் மெதுவானது. நின்றுவிடப்போகிறான் என்று நினைத்தேன். நிற்கவில்லை. அந்த மெதுவிலேயே இருந்தான். ஒரு சுற்று. இன்னொன்று. இன்னொன்று. சரியவில்லை. அடிக்கும் அடிக்கும் நடுவே ஒரு ஆள் படுத்து எழலாம் போல இடம் இருந்தது. அந்த இடம் ஆடவில்லை.

தங்கை என் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள். அவளுக்கும் தெரிந்துவிட்டது. எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்த வேகம் அது. அவன் நடக்கிற வேகம். சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது எங்களுக்குப் பின்னால், எப்போதும் பின்னால், அசைந்து அசைந்து வருவானே, ஆமை ஆமை என்று நாங்கள் திரும்பிப் பார்த்துக் கத்துவோமே, அந்த நடை. சோறு உண்கிற வேகம். ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல அவன் எடுத்துக்கொள்கிற நேரம்.

கோயமுத்தூரில் பட்ட அதிர்ச்சியைவிட இது பெரியது. அங்கே தெரிந்தது எங்களுக்குத் தாளம் இல்லை என்பது. இங்கே தெரிந்தது, என் தம்பி மெதுவான மனிதன் என்பது, இத்தனை வருடமும் யாரோ அவனை ஓட விட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது, அவனோடு சேர்ந்து ஓடிய நான் அதைக் கவனிக்கவே இல்லை என்பது.

நிறுத்தினான். குச்சிகளை மடியில் வைத்தான். படியில் அம்மா உட்கார்ந்திருந்தது அப்போதுதான் தெரிந்தது.

"இது ஒண்ணும் தலவலிக்கலியே," என்றார்.

மறுநாள் காலை மறுபூஜை. அம்மா தீபம் காட்டி, இனித் தொடலாம் என்பதற்கு எல்லாவற்றையும் ஒரு அசைப்பு அசைத்து வைத்தார். போகிற போக்கில் பெரிய டிரம்மின் வயிற்றில் ஒரு பொட்டையும் வைத்துவிட்டுப் போனார். தம்பி பார்த்தான், துடைக்கவில்லை. பல்லடத்துக்குப் போய் வீட்டுப் பூஜையை முடித்துவிட்டு, விடிந்ததும் முதல் பஸ்ஸில் நான் திரும்ப வந்திருந்தேன். வீட்டுக்காரர் ஒன்றும் கேட்கவில்லை, கிடார் அங்கே இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும்.

கீழே ஸ்விட்சைப் போட்டார்கள். ஒவ்வொரு மிஷினாக உறுமி எழுந்தது. கடைசியாக மூலை மிஷின். தடக்.

தம்பி உட்கார்ந்து, எண்ணாமல், நேற்றைய நடையில் ஆரம்பித்தான். கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்ற எனக்குத் தலை சுற்றியது. கீழே ஒன்று, மேலே ஒன்று. இரண்டும் சேரவே இல்லை. தடக் அவனுக்கு முன்னால் விழுந்தது, அடுத்தது இன்னும் முன்னால், பிறகு எங்கோ நடுவில். ஷெட் முழுக்க ஒரே சத்தமாக இருந்தது வாழ்க்கையில் முதல்முறையாக இரண்டாகப் பிளந்து கேட்டது. என் காலுக்குப் பழக்கம், அது மிஷினோடு போகப் பார்த்தது. ஆணியடித்த மாதிரி காலைத் தரையில் ஊன்றிக்கொண்டேன். கண்ணை மூடவில்லை. அவன் தோளைப் பார்த்தேன். தோள் இறங்கும்போது கட்டைவிரலால் அறைந்தேன்.

கீழே தரை இருந்தது.

தங்கை ஒரு கையால் கீபோர்டில் நீண்ட ஸ்வரங்களை விரித்துப் போட்டாள், இன்னொரு கையால் செல்போனை எடுத்து யாருக்கோ ஏதோ அனுப்பினாள். யாருக்கென்று கேட்கவேண்டியதில்லை, கோயமுத்தூரில் இன்னும் பதிலுக்குக் காத்திருந்தார்கள். பிறகு இரண்டு கையும் கீபோர்டுக்கு வந்தன, ஒரு சந்துக்குள் நுழைந்தாள்.

தடக், என்றது கீழே. எங்களுக்கு ரொம்ப முன்னால்.

தம்பி என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"அவன் ஓடறானுங்கக்கா," என்றான். "ஓடட்டும்."